பி.எட். கடனும் பள்ளிச் சம்பளமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது தமிழ்நாட்டின் வடமாவட்டம் ஒன்றில் 2022 முதல் 2025 வரை நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி, பள்ளி எதையும் சொல்லவில்லை. நான் வங்கியில் கல்விக்கடன் வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பு விவரம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. பி.எட். சேர நினைக்கும் மற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு அப்போது 21 வயது. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தார். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், மகளிர் குழுவிலும் இருக்கிறார். தம்பி பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு நல்ல மாதத்தில் 16,000 ரூபாய் வரை வரும், மழை பிடித்துக்கொண்டால் பாதிகூடத் தேறாது. நிலம் கிடையாது. அம்மாவிடம் மூன்று பவுன் செயின் ஒன்று இருந்தது. மகள் படிப்புக்கென்று 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஆசிரியராக வேண்டும் என்பதில் அந்தப் பெண்ணுக்குக் குழப்பமே இல்லை. பிளஸ் டூ படிக்கும்போதிருந்தே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தவர். கணக்கு வராத பிள்ளையை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார் என்று தெருவில் பெயர் இருந்தது.

முதலில் ஒரு விஷயம். பி.எட். ஒரு காலத்தில் ஓராண்டுப் படிப்பு. 2015ல் அதை இரண்டு ஆண்டாக்கினார்கள். கட்டணம் கூடியது மட்டுமல்ல, சம்பாதிக்காமல் இருக்க வேண்டிய காலமும் ஓராண்டு கூடிவிட்டது. குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது செலவைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வந்தபோது இருந்த நிலை

அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி, "சார், இந்தப் படிப்புக்கு பேங்க்ல எவ்வளவு கொடுப்பாங்க?" அதற்குப் பதில் சுலபம். 4 லட்சம் வரை பிணை சொத்து கேட்கமாட்டார்கள், பெற்றோர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கொடுக்கிறார்கள் என்பதால் அவ்வளவும் வாங்க வேண்டியதில்லை என்று அப்போதே சொன்னேன்.

அவர்கள் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டு வந்த கல்லூரி மாவட்டத் தலைநகருக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுக்கும் கட்டணம், சீருடை, ரெக்கார்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,80,000. விடுதி 90,000. மொத்தம் 2,70,000 ரூபாய். கட்டடம் பெரிது, பேருந்து வசதி உண்டு, தெரிந்த பெண் ஒருவரும் அங்கே சேர்கிறார். இதெல்லாம் காரணங்கள்.

வீட்டில் எல்லோர் மனதிலும் ஒரே ஒரு எண்தான் இருந்தது: அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம், 36,400 ரூபாய். அகவிலைப்படியும் சேர்ந்தால் அதற்கும் மேல். பெண்ணின் தாய்மாமன், "கவர்மெண்ட் டீச்சர் ஆயிட்டா இந்தக் கடனெல்லாம் ஒரு வருஷத்துல தூசு" என்று சொல்லியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

எந்தச் சம்பளத்தின் மேல் கணக்கு வைப்பது

கடனுக்கு எதிரே வைக்க வேண்டிய வருமானம் எது? இந்த ஒரு கேள்வியில்தான் மற்ற எல்லாமே தொங்குகிறது.

36,400 என்பது பொய்யான எண் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எடுக்க இரண்டாம் தாள், 150 மதிப்பெண்ணுக்கு பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும். அதில் தேறிவிட்டாலே வேலை என்ற நிலை இப்போது இல்லை. 2018ல் வந்த அரசாணை 149ன்படி, தேறியவர்கள் நியமனத்துக்கு மறுபடியும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு எப்போது வரும் என்பது காலிப்பணியிடத்தையும் அரசின் முடிவையும் பொறுத்தது.

டெட் தேர்வே வருடந்தோறும் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 2012ல் நடந்தது, 2013ல் நடந்தது. அடுத்தது 2017. அப்புறம் 2019. அதற்கு அடுத்ததற்கு 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்திருந்தது, இந்தப் பெண் அப்போது பி.எட். சேரக்கூட இல்லை. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். 2013க்கும் 2017க்கும் நடுவே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நாலு வருஷம் படிச்சு முடிச்சவங்க என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்டார். தனியார் பள்ளிக்குப் போனார்கள், டியூஷன் எடுத்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள், கல்யாணமாகி வீட்டில் இருந்தார்கள். பதில் அவ்வளவுதான்.

ஆகவே தனியார் பள்ளிச் சம்பளத்தை விசாரித்து வரும்படி பெண்ணிடமே சொன்னேன். கல்லூரியில் அவருக்கு முன்பு படித்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வேலை பார்க்கும் அக்காக்களிடம் கேட்டு வந்தார். வெறும் பட்டத்தோடு போனால் சுமார் 7,000 ரூபாய். பி.எட். இருந்தால் சுமார் 10,000. பல இடங்களில் மே மாதச் சம்பளம் கிடையாது. சில பள்ளிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு மாலை நேரத்தில் அந்தப் பெண் எழுதி வந்த அந்த ஒரு பக்கம், எந்தக் கல்லூரி விளம்பரத்தைவிடவும் மதிப்புள்ளது.

11 மாதச் சம்பளம் என்று வைத்தால் பி.எட். இருந்தால் ஆண்டுக்கு 1,10,000, இல்லாவிட்டால் 77,000. வித்தியாசம் 33,000. அதாவது இந்தப் படிப்பு உறுதியாகக் கூட்டிக் கொடுப்பது மாதத்துக்கு 2,750 ரூபாய். படிப்புக்காக வாங்கும் கடனின் தவணை இதற்குள் அடங்க வேண்டும் என்பது என் கருத்து. அடங்காவிட்டால், படிக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும் சம்பளத்திலிருந்து எடுத்துத்தான் கடனைக் கட்ட வேண்டிவரும்.

இப்போது பெரிய கல்லூரிக் கணக்கு. ஆண்டுக்கு 1,35,000 வீதம் 2,70,000 கடன், 10.5 சதவீத வட்டி. தவணை தொடங்கும் மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டியும் சேர்ந்து சுமார் 3,41,000 ஆகியிருக்கும். 7 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 5,750. 10 ஆண்டாக நீட்டினாலும் 4,600. எப்படி நீட்டினாலும் 2,750க்குள் வரவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, தங்குமிடத்தோடு மாதம் 14,000. அதையும் மறைக்காமல் கணக்கில் வைத்தோம். இரண்டு ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். பி.எட். படிக்கும் காலத்தில் கைக்கு வராமல் போகும் பணம் இது, கல்லூரிக் கட்டணத்தைவிடப் பெரிது. தனியார் பள்ளியிலேயே கடைசிவரை இருந்துவிட்டால் பணக் கணக்கில் தொழிற்சாலைதான் ஜெயிக்கும். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். பெண் சொன்ன பதில்: "ரெண்டு மூணு வருஷத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சிரும் சார். அப்புறம் வீட்டுக்குத்தான் வரணும். டீச்சர் வேலைன்னா எந்த ஊருக்குப் போனாலும் செய்யலாம்." அவர் வெறும் ஆசையில் பேசவில்லை. பெண்கள் கல்யாணத்துக்குப் பின் ஊர் மாறுகிற நம் சூழலில் இது யோசித்த பேச்சு.

அம்மா கடைசியில்தான் வாய் திறந்தார். "கடனோட எப்படி சார் பொண்ணைக் கட்டிக் குடுக்கிறது? மாப்பிள்ளை வீட்டுல கேக்க மாட்டாங்களா?" கல்விக்கடன் பற்றிய எந்தக் கையேட்டிலும் இந்தக் கேள்வி இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் பெண் பிள்ளைக்குக் கடன் வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது இருக்கிறது. கடன் சிறியதாக, ஐந்து ஆண்டில் முடிவதாக இருக்க வேண்டும் என்று முடிவானதில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

எடுத்த முடிவுகள்

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கான கலந்தாய்வுக்கு முதலில் விண்ணப்பித்தார். அங்கே செலவு மிகக் குறைவு. ஆனால் இடங்கள் மாநிலம் முழுவதற்கும் இரண்டாயிரம் சொச்சம்தான், கணிதத்துக்கு அதில் ஒரு பங்கு. பெரிய கல்லூரிக்காரர்கள், "இப்பவே அட்வான்ஸ் கட்டலைன்னா சீட் போயிடும்" என்று தினமும் போன் செய்தார்கள். கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று குடும்பம் உறுதியாக நின்றது. கலந்தாய்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அதன்பின் வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு சிறிய சுயநிதிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் அங்கீகாரமும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் நடப்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஆண்டுக்கு 1,10,000, இதர செலவு 15,000. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவே இல்லாமல் போனது. விடுதிச் செலவும் மிச்சம்.

இதற்கிடையே ஒரு புரோக்கர் வந்தார். வாரம் ஒருநாள் தலையைக் காட்டினால் போதும், மீதியைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், நீ வேலைக்கும் போகலாம் என்றார். கணக்குப்படி பார்த்தால் இதுதான் லாபமான வழி. இரண்டு ஆண்டுச் சம்பளமும் மிஞ்சும். பெண்ணே மறுத்துவிட்டார். வகுப்பறையில் நிற்கவே பழகாமல் வாங்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, இன்றும் படுகிறது.

மொத்தத் தேவை 1,25,000. கையிருப்பு 30,000, டியூஷன் வருமானத்திலிருந்து 15,000, மீதி 80,000 மட்டும் கடன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுத் தரும் நாக் தரச்சான்று இந்தக் கல்லூரிக்கு இல்லாததால் மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. ஆகவே படிக்கும்போதே வட்டியைக் கட்டிவருவது என்று முடிவு. முதல் ஆண்டு 40,000க்கு மாதம் 350, இரண்டாம் ஆண்டு 80,000க்கு 700. இப்படிக் கட்டிவந்தால் கடன் 80,000லேயே நிற்கும். 5 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 1,720, நம் 2,750 எல்லைக்கு நன்றாக உள்ளே.

செயினை அடகு வைத்துவிட்டால் கடனே வேண்டாமே என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். கொத்தனார் வேலை செய்கிற வீட்டில் அவசரத்துக்கு வேறு எதுவுமே இல்லை.

படிப்புக் காலம்

முதல் ஆண்டு சிக்கலில்லாமல் போனது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பி.எட். படித்தவர்கள் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குத் தகுதியானவர்கள் அல்ல என்று தீர்ப்பளித்தது. டெட் தேர்வில் அந்த வகுப்புகளுக்கானது முதல் தாள். சேரும்போது கல்லூரி, "ரெண்டு தாளும் எழுதலாம்" என்று சொல்லியிருந்தது. ஒரு வாசல் மூடியது. அரசு வேலையை நம்பிக் கடன் வாங்கியிருந்தால் அன்றைக்கே கணக்கு ஆட்டம் கண்டிருக்கும்.

இரண்டாம் ஆண்டில்தான் இடறல். கற்பித்தல் பயிற்சிக்கு 16 வாரம் ஒரு பள்ளிக்குப் போக வேண்டும். ஒதுக்கிய பள்ளி தொலைவில் இருந்தது, இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். டியூஷன் நின்றுவிட்டது. சார்ட், பாடத் துணைக்கருவிகள், ரெக்கார்டு என்று செலவு மட்டும் கூடியது. நான்கு மாத வட்டி, 2,800 ரூபாய், கட்ட முடியவில்லை. அதே நேரத்தில் கல்லூரி ரசீது இல்லாமல் 6,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டது. எதற்கு என்று எழுத்தில் கேட்டதும் அது 2,500 ஆகக் குறைந்தது. கட்டிவிட்டார்கள். ஹால் டிக்கெட் அவர்கள் கையில் இருக்கும்போது ஏழைக் குடும்பம் எவ்வளவு தூரம் சண்டை போட முடியும்?

அந்தப் பள்ளி நாட்களைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் குரல் மாறும். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கைத் தொடவே பயந்த பிள்ளைகளோடு அந்த மாதங்களைச் செலவிட்டார். கடன் கணக்கில் இதற்குக் கட்டம் கிடையாது.

வேலையும் தவணையும்

2024 ஆகஸ்டில் படிப்பு முடிந்தது. செப்டம்பரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில், பேறுகால விடுப்பில் போன ஆசிரியர் இடத்தில் சேர்ந்தார். சம்பளம் 9,500. நாம் போட்ட 10,000ஐவிடக் குறைவு. அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். வங்கிக் கடன் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்று சொல்லி நகல் மட்டும் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

விடுபட்ட வட்டியை முதல் இரண்டு சம்பளத்தில் கட்டி முடித்தார். ஓராண்டு அவகாசம் இருந்தும் காத்திருக்காமல், 2025 ஜனவரியிலிருந்தே தவணையைத் தொடங்கும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தார்.

மார்ச்சில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்றாலும் வீட்டுச் செலவு நிற்குமா? அம்மாவின் செயின் அப்போதுதான் அடகுக்குப் போனது. மே மாதம் பள்ளிச் சம்பளமும் இல்லை. அந்த மூன்று மாதமும் 1,720 ரூபாய்த் தவணை தவறவில்லை. 4,600 ஆக இருந்திருந்தால் முதல் மாதமே தவறியிருக்கும். 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். அந்தப் பெண்ணின் பெயரில் மட்டுமல்ல, உடன் கையெழுத்திட்ட அப்பாவின் பெயரிலும், கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் சிபில் பதிவு கெடும்.

2025 டிசம்பர் நிலவரம்

ஜூனில் பணி நிரந்தரமானது, சம்பளம் 11,000. மாலை டியூஷனில் 4,500 வரை வருகிறது. 12 தவணை கட்டியாயிற்று, பாக்கி சுமார் 67,000. செயினை இன்னும் மீட்கவில்லை, பொங்கலுக்குப் பிறகு மீட்பதாகச் சொல்கிறார்கள்.

டெட் தேர்வைப் பொறுத்தவரை, 2022 அறிவிப்புக்கான இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில் நடந்தது. அடுத்தது 2025 நவம்பரில்தான் வந்தது. அவர் படித்து முடித்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு கிடைத்த முதல் வாய்ப்பு. இடையில் 2023 அக்டோபரில் 2,222 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, பி.எட்.டும் டெட்டும் முடிக்காததால் அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. நவம்பரில் எழுதியிருக்கிறார். அதில் தேறினாலும் போட்டித் தேர்வு பாக்கி. ஆனால் அந்த முடிவுக்காக வீட்டில் யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை, தவணை அதை நம்பி இல்லை.

பெரிய கல்லூரியில் சேர்ந்த தெரிந்த பெண்ணும் படித்து முடித்துவிட்டார். அவருக்கு விடுதியோடு சேர்த்து இரண்டரை லட்சம் கடன். பள்ளிச் சம்பளம் போதவில்லை என்று இப்போது ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஒரே ஒரு உதாரணத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் கற்பிக்க ஆசைப்பட்டுப் படித்த ஒரு பெண்ணைப் படிப்புக்கு வாங்கிய கடனே வகுப்பறையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கற்பித்தல் பயிற்சி மாதங்களுக்கான செலவைத் தனியாக ஒதுக்க வேண்டும். அந்த நான்கு மாதம் டியூஷன் வருமானம் இருக்காது என்றே வைத்துக்கொண்டு 8,000 ரூபாயாவது கூடுதலாகக் கையில் வேண்டும். அதற்காகக் கடனை 90,000 ஆக்கியிருந்தாலும் தவணை 1,930 அளவில்தான் இருந்திருக்கும், எல்லையைத் தாண்டாது.

தவணைக் காலத்தை 5க்குப் பதில் 7 ஆண்டாக எழுதி வாங்கியிருக்கலாம். முடிந்த மாதம் கூடுதலாகக் கட்டி முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம், அப்பா விழுந்தது போன்ற மாதங்களில் சுமை இன்னும் குறைந்திருக்கும். அம்மாவின் கல்யாணக் கவலைக்காகத்தான் 5 என்று வைத்தோம், அந்தக் காரணமும் நியாயமானதுதான்.

கல்லூரியில் சேரும் நாளிலேயே, இரண்டு ஆண்டுக்குமான மொத்தத் தொகையைக் கடிதத் தாளில் எழுதி முத்திரையோடு வாங்க வேண்டும். வங்கிக்குத் தேவை என்று கேட்டால் தருவார்கள். ரசீதில்லாமல் கேட்கும் பணத்துக்கு அந்தத் தாள் ஒன்றே பதில்.

முதுகலையைப் பற்றி இன்னும் முன்பே பேசியிருக்க வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை. முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வை நேரடியாக எழுதலாம். எம்.எஸ்சி. கணிதத்தை வேலையில் சேர்ந்ததும் தொலைநிலைக் கல்வியில் தொடங்கியிருந்தால் ஓராண்டு முந்தியிருக்கும். இப்போதுதான் சேர்ந்திருக்கிறார். ஆண்டுக் கட்டணம் 12,000, டியூஷன் பணத்திலிருந்தே கட்டியாகிவிட்டது. இதற்கும் கடன் வாங்கலாமா என்று தாய்மாமன் கேட்டாராம். வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டதாகப் போனில் சொன்னார்.